முதலில் ஏற்பதா, முதலில் திருத்துவதா?

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் பொதுக்குழு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், பெருமாட்டிப் பக்கம், மூலத்தரை மதகில் இருந்து வரும் தண்ணீரை நம்பியிருக்கும் நான்கு கிளை வாய்க்கால்களின் விவசாயக் குழுக்கள் ஒரே சங்கமாகச் சேர்வதா வேண்டாமா என்று அன்றைக்குக் கை தூக்கப் போகிறோம். அதற்கான துணைவிதி வரைவை எழுதிய ஐந்து பேரில் நானும் ஒருவன். பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் எழுத்து வேலை என்னிடம் வந்தது.

ஏன் சேர வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. இப்போது நான்கு குழுவும் தனித்தனி. மடை உடைந்தால் யார் செலவு செய்வது என்று தெரியாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூல் பேசினால் இரண்டு குழு கொடுக்கும், இரண்டு குழு கொடுக்காது. கொடுக்காதவரை எதுவும் செய்ய முடியாது. அலுவலகத்துக்கு நான்கு மனு போகிறது, நான்கும் நான்கு விதமாகப் பேசுகிறது. தலைமடை நனைந்துகொண்டே இருக்கும்போது கடைமடையில் தென்னை மட்டை தொங்கி நிற்கிறது.

சண்டை வேறு இடத்தில். வரைவில் கடைமடையின் முறைத் தண்ணீருக்கு எழுத்தில் உறுதி இல்லை. கணக்கைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டா என்று சொல்லவில்லை. அறிவிப்பு தமிழிலும் வருமா என்றும் சொல்லவில்லை. ஒன்பது பேர் நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் தலைமடைப் பக்கத்தில் இருந்து வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. இதை வைத்து ஊர் நான்காகப் பிரிந்து நிற்கிறது. "அப்படியே ஏத்துக்கலாம், குறை இருந்தா அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது ஒரு கட்சி. "திருத்தி எழுதிட்டு வாங்க, அப்புறம் கையெழுத்துப் போடறோம்" என்பது கடைமடை. "ஏத்துக்குவோம், ஆனா திருத்தப் பட்டியலையும் கூடவே வைப்போம்" என்று நடுவில் சிலர். "சேர்ந்து பார்ப்போம், ரெண்டு வருசத்தில சரிப்படலைன்னா விலகிக்குவோம்" என்று இளைஞர்கள்.

இந்த நான்கு பேச்சும் எனக்குப் புதிதில்லை. 1787, 1788-இல் அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்கள் புதிய அரசமைப்பை ஏற்பதா என்று விவாதித்தபோது இதே நான்கையும்தான் பேசின. ஒரு நாட்டின் விவகாரத்தை வாய்க்கால் சங்கத்தோடு வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றே நினைக்கிறேன். அங்கே கூடிப் பேசியவர்களில் பலர் எங்களைப் போல நிலம் வைத்திருந்தவர்கள், கடன் வைத்திருந்தவர்கள். அவர்கள் எந்த வழியில் போய் எதைப் பெற்றார்கள் என்று பார்த்தால் எங்கள் கை எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பது கொஞ்சம் தெளிவாகும்.

முதலில் அங்கே என்ன நிலைமை என்று சொல்லிவிடுகிறேன். 1781-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் மைய அவைக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமானால் பதின்மூன்று மாநிலமும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து தீர்வை போடலாம் என்று கொண்டுவந்த திட்டத்தை 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற ஒரே ஒரு சின்ன மாநிலம் தடுத்து நிறுத்தியது. அடுத்த முயற்சி நியூயார்க்கில் முடங்கியது. 1786-இல் மாசச்சூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனுக்கு நிலம் போகும் நிலையில் இருந்த விவசாயிகள் திரண்டு நீதிமன்றங்களை நடக்கவிடாமல் செய்தார்கள். இதையெல்லாம் பார்த்துப் பயந்தவர்கள்தான் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். வந்துபோனவர்கள் 55 பேர். எழுதி முடித்த புதிய அரசமைப்பில் செப்டம்பர் 17-இல் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். கடைசி நாள் வரை அங்கேயே இருந்தும் மூன்று பேர் போட மறுத்தார்கள்: வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், மாசச்சூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெரி.

மேசன் ஏன் மறுத்தார் என்பது எங்கள் கதைக்கு முக்கியம். வர்ஜீனியாவுக்கு 1776-இல் உரிமைப் பிரகடனம் எழுதித் தந்தவர் அவர். கூட்டம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது இந்தச் சட்டத்துக்கும் ஓர் உரிமைப் பட்டியல் வேண்டும் என்று கேட்டார். கெரி முன்மொழிந்தார். மாநிலக் குழுக்கள் ஒன்றுவிடாமல் எதிர்த்து ஓட்டுப் போட்டன. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். எங்கள் வரைவுக் குழுவின் கடைசிக் கூட்டத்திலும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் கடைமடை முறை பற்றிக் கேட்டார். "அதெல்லாம் பொதுக்குழுவில் பார்த்துக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். இன்று நடக்கும் சண்டையில் பாதி அந்தப் பதிலில் இருந்து வந்தது.

அப்படியே ஏற்பது

ஒன்பது மாநிலங்கள் தனி மாநாடு கூட்டி ஏற்றால் போதும், ஏற்ற மாநிலங்களுக்குச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஒரே மாநிலம் எல்லாவற்றையும் தடுக்கும் பழைய கதை வேண்டாம் என்பது காரணம். டெலவேர் 1787 டிசம்பர் 7-இல் 30-க்குச் சுழியம் என்று ஏற்றது. நியூ ஜெர்சி 38-க்குச் சுழியம். ஜார்ஜியாவும் ஒருமனதாக. இவர்களுக்குத் தயக்கம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. மேலவையான செனட்டில் சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் இரண்டே இரண்டு இடம் என்று எழுதியிருந்ததால் டெலவேருக்கு வேண்டியது ஏற்கனவே கிடைத்துவிட்டது. நியூ ஜெர்சி ஒரு பக்கம் நியூயார்க் துறைமுகத்துக்கும் இன்னொரு பக்கம் பிலடெல்பியாவுக்கும் தீர்வை கட்டிக்கொண்டிருந்தது. ஜார்ஜியாவுக்கு எல்லைப் போர் பயம்.

தனக்கு வேண்டியது வரைவிலேயே இருப்பவருக்கு அப்படியே ஏற்பது சுலபம். எங்கள் ஊரில் "அப்படியே ஏத்துக்கலாம்" என்று சொல்பவர்களின் நிலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் தோப்பும் தலைமடையில் இருந்து இரண்டாவது மடைதான்.

இந்த வழியில் கெட்டுப்போன இடம் பென்சில்வேனியா. மாநாடு கூட்டத் தீர்மானம் போட அவையில் ஆள் குறைகிறது என்று, வராமல் ஒதுங்கியிருந்த இரண்டு உறுப்பினர்களைக் கூட்டம் வீடு புகுந்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தது. பிறகு கூடிய மாநாட்டில் 46-க்கு 23 என்று ஏற்பு நிறைவேறியது. சிறுபான்மையினர் கொடுத்த திருத்தங்களைக் குறிப்பேட்டில் எழுதக்கூடப் பெரும்பான்மை சம்மதிக்கவில்லை. அவர்கள் வெளியே போய்த் தங்கள் மறுப்பைத் தனியே அச்சடித்துப் பரப்பினார்கள். அந்த டிசம்பரில் கார்லைல் என்ற ஊரில் ஏற்பைக் கொண்டாடக் கூடியவர்களை எதிர்த்தவர்கள் அடித்து விரட்டினார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை கையில் இருந்தும் ஊர் அமைதியாகவில்லை.

அப்படியே ஏற்கச் சொன்னவர்களிடம் நல்ல வாதமும் ஒன்று இருந்தது. பிலடெல்பியாவில் ஜேம்ஸ் வில்சன் சொன்னார், பிறகு நியூயார்க்கில் அலெக்சாண்டர் ஹாமில்டன் விரிவாக எழுதினார்: பத்திரிகையை அடக்க இந்தச் சட்டம் யாருக்கும் அதிகாரம் தரவில்லையே, தராத அதிகாரத்தை ஏன் தடுக்க வேண்டும்? பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாத உரிமை இல்லை என்று நாளைக்கு யாராவது சொல்ல மாட்டார்களா? இதே வாதத்தை நான் எங்கள் கடைமடைக் கூட்டத்தில் சொன்னேன். "உங்க முறையைக் குறைக்க வரைவில் எங்கேயாவது எழுதியிருக்கா? இல்லையே!" என்றேன்.

அதற்கு அன்றே அமெரிக்காவில் பதில் வந்திருந்தது. புரூட்டஸ் என்ற புனைபெயரில் எழுதியவர் கேட்டார்: உரிமைப் பட்டியல் தேவையில்லை என்றால், ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தக்கூடாது என்று சட்டத்தில் ஏன் எழுதினீர்கள்? அந்த அதிகாரத்தையும் யாரும் தரவில்லையே? சில உரிமைகளை எழுதிவிட்டுச் சிலவற்றை விட்டால், விட்டது போனது என்றுதானே ஆகும்? இதைப் படித்த பிறகு எங்கள் வரைவை எடுத்து மறுபடி பார்த்தேன். மோட்டார் வைத்து வாய்க்காலில் இருந்து நேரடியாக எடுப்பவருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் தடை போடக்கூடாது என்று நாங்களே எழுதியிருக்கிறோம். மோட்டார் வைத்திருப்பவருக்கு எழுத்தில் உறுதி, கடைமடைக்கு வாய்ச்சொல் உறுதி. கடைமடை கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

திருத்தும்வரை மறுப்பது

வர்ஜீனியா மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி பேசிய பேச்சுகளின் சாரம் எளிமையானது: கையெழுத்துப் போட்ட பிறகு பேரம் பேச உங்கள் கையில் என்ன மிச்சம் இருக்கும்? முதலில் திருத்தம், அப்புறம் ஏற்பு. மேசனும் அவர் பக்கம். முன்கூட்டித் திருத்த வேண்டும் என்ற தீர்மானம் 88-க்கு 80 என்று தோற்றது. ஏற்பு 89-க்கு 79 என்று ஜெயித்தது. நான்கைந்து பேர் பக்கம் மாறியிருந்தால் மிகப் பெரிய மாநிலம் வெளியே நின்றிருக்கும்.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் எனக்குப் பலமாகப் படுவது இதுதான். திருத்தம் வேண்டும் என்றவர்கள் எல்லோரும் ஒரே திருத்தத்தைக் கேட்கவில்லை. ஒருவருக்கு நேரடி வரி கூடாது. ஒருவருக்கு நிரந்தரப் படை கூடாது. இன்னொருவருக்கு மதம் பற்றிய உறுதி வேண்டும். பதின்மூன்று இடத்தில் பதின்மூன்று விதமாகத் திருத்திக்கொண்டு மறுபடி ஒரே மேசைக்கு வந்தால், முதல் தடவை கிடைத்த உடன்பாடும் போய்விடும். எங்கள் நான்கு குழுவிலும் இப்படித்தான். இரண்டு குழு கேட்கும் திருத்தங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

ஆனால் மறுத்தவர்கள் எதையும் சாதிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வட கரோலினா 1788 ஆகஸ்டில் 184-க்கு 84 என்று ஏற்பைத் தள்ளிவைத்தது. மைய அவை உரிமைத் திருத்தங்களை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பிய பிறகு, 1789 நவம்பரில் 194-க்கு 77 என்று உள்ளே வந்தது. வெளியே ஒரு மாநிலம் காத்து நிற்கிறது என்ற நினைப்பு உள்ளே இருந்தவர்களுக்கு வாக்கு ஞாபகம் இருக்க உதவியது. அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அங்கிருந்து எழுதும்போது முதலில், ஒன்பது மாநிலம் ஏற்கட்டும், மற்ற நான்கு திருத்தம் வரும்வரை பிடித்து நிற்கட்டும் என்றுகூட விரும்பினார்.

அதே மறுப்பு நீளும்போது என்ன ஆகும் என்பதற்கு ரோட் ஐலண்ட். மாநாடே கூட்டாமல் ஊர்க் கூட்டங்களில் நேரடி வாக்கெடுப்பு நடத்தியது. ஏற்பை ஆதரித்தவர்கள் பலர் புறக்கணித்ததில் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. கடைசியில் அந்த மாநிலத்தோடு வியாபாரத்தை நிறுத்தும் மசோதாவை செனட் நிறைவேற்றிய பிறகு, 1790 மே 29-இல் 34-க்கு 32 என்று ஏற்றது. அதற்குள் புதிய ஆட்சி ஓராண்டுக்கு மேல் நடந்துவிட்டது. முதல் சட்டங்களை எழுதும்போது அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. கடைமடை நண்பர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். முதல் பருவத்து முறை அட்டவணை போடும் நாளில் அவர்கள் வெளியே இருந்தால், யார் அவர்களுக்காகப் பேசுவார்?

விலகும் உரிமையோடு ஏற்பது

எங்கள் இளைஞர்கள் சொல்வது நியூயார்க் யோசித்த வழி. அங்கே மாநாட்டில் எதிர்த்தவர்களே பெரும்பான்மை. குறிப்பிட்ட காலத்துக்குள் திருத்தம் வராவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று எழுதி ஏற்கலாமா என்று ஹாமில்டன், அரசமைப்பை எழுதுவதில் முன்னின்ற வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அப்படி ஏற்பது ஏற்பே ஆகாது, முழுமையாகவும் என்றென்றைக்குமாகவும் ஏற்க வேண்டும் என்று மேடிசன் பதில் எழுதினார். கடைசியில் நியூயார்க் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டது. திருத்தம் வரும் என்ற "நிபந்தனையின் பேரில்" ஏற்கிறோம் என்பதை, வரும் என்ற "முழு நம்பிக்கையில்" ஏற்கிறோம் என்று ஆக்கினார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான மெலங்டன் ஸ்மித் அந்தச் சொல்லுக்கு ஒத்துக்கொண்டு பக்கம் மாறினார். 30-க்கு 27.

மேடிசன் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது. ஒரு கால் வாசலுக்கு வெளியே இருப்பவரை நம்பி யாரும் மடை கட்டச் செலவு செய்ய மாட்டார்கள்.

ஏற்றுக்கொண்டு, பட்டியலையும் சேர்ப்பது

இனி மாசச்சூசெட்ஸ். நான் மிகவும் விரும்பிப் படித்தது இந்த மாநாட்டைத்தான். 1788 ஜனவரியில் பாஸ்டனில் கூடியபோது எண்ணிப் பார்த்தால் எதிர்ப்பவர்களே அதிகம். ஏமோஸ் சிங்கிள்டரி என்ற கிராமத்துப் பெரியவர் எழுந்து சொன்னார்: இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் அழகாகப் பேசி எங்களை விழுங்க வைக்கப் பார்க்கிறார்கள், அதிகாரமும் பணமும் அவர்கள் கைக்குப் போய், சின்ன மனிதர்களான எங்களைக் கடைசியில் அவர்களே விழுங்கிவிடுவார்கள். எங்கள் கடைமடையில் யாருக்கும் சிங்கிள்டரியைத் தெரியாது. ஆனால் போன வாரம் ஒருவர் என்னிடம் சொன்னது இதேதான்: "எழுதறவங்க நீங்க, படிக்கறவங்க நீங்க, கையெழுத்து மட்டும் எங்களுதுங்களா?"

சிங்கிள்டரிக்குப் பதில் சொன்னது வக்கீல் இல்லை. ஜொனாதன் ஸ்மித் என்ற விவசாயி. மேற்குப் பகுதிக்காரர், 1786-இன் விவசாயிகள் கலவரத்தை நேரில் பார்த்தவர். தான் ஏர் ஓட்டிப் பிழைப்பவன், பதவி எதற்கும் ஆசைப்படாதவன் என்று தொடங்கி ஒரு கணக்குப் போட்டார்: இரண்டு மூன்று பேர் சேர்ந்து கரடான நிலத்தைத் திருத்திக் கோதுமை விதைத்துவிட்டீர்கள். எந்த மாதிரி வேலி போடுவது என்பதில் ஒத்துப்போகவில்லை. அதற்காக வேலியே இல்லாமல் விட்டுவிடுவீர்களா? எல்லோருக்கும் பிடிக்காவிட்டாலும் ஒரு வேலி போட்டுவிடுவது நல்லதில்லையா?

வேலி உவமையை எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேலி என்றால் அடுத்த கேள்வியும் கூடவே வரும்: கல் எந்தப் பக்கம் தள்ளி நடப்படுகிறது? ஸ்மித்தின் வாதம் மட்டும் மாநாட்டை ஜெயிக்கவில்லை. காலில் வாத நோய் என்று வராமல் இருந்த மாநாட்டுத் தலைவர் ஜான் ஹான்காக் ஒருநாள் வந்து, ஏற்போம், கூடவே ஒன்பது திருத்தங்களைப் பரிந்துரையாக அனுப்புவோம் என்றார். சாமுவேல் ஆடம்ஸ் ஆதரித்தார். பிப்ரவரி 6-இல் 187-க்கு 168. பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் மிக மெல்லிய வெற்றி. ஆனால் தோற்றவர்களில் சிலர் எழுந்து, நாங்கள் எதிர்த்தோம், நியாயமாகக் கேட்கப்பட்டோம், ஊருக்குப் போய் இதைத் தாங்கிப் பேசுவோம் என்றார்கள். அதன்பின் தென் கரோலினா, ஒன்பதாவதாக வந்த நியூ ஹாம்ப்ஷயர், வர்ஜீனியா, நியூயார்க் எல்லாம் இதே வழியில் பட்டியலோடு ஏற்றன.

சரி, அனுப்பிய பட்டியல் என்ன ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த வழியைப் பரிந்துரைப்பது நியாயமில்லை.

மேடிசனுக்கு ஆரம்பத்தில் உரிமைப் பட்டியலில் பெரிய நம்பிக்கை இல்லை. வெறும் தாள் வேலி என்று நினைத்தவர். வர்ஜீனியாவில் ஹென்றியின் செல்வாக்கால் அவருக்கு செனட் இடம் கிடைக்கவில்லை. கீழவைக்கு நிற்க வேண்டியதாயிற்று. எதிர் வேட்பாளர் ஜேம்ஸ் மன்றோ, திருத்தம் வேண்டும் என்ற கட்சி. மேடிசன் தொகுதி மக்களிடம் போய், திருத்தங்களை நானே கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்தார். 1789 பிப்ரவரியில் 336 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜூன் 8-இல் சொன்னபடியே அவையில் வைத்தார். தீர்வைச் சட்டம் இருக்கிறது, வேறு வேலை இருக்கிறது, இப்போது இதற்கு என்ன அவசரம் என்று சக உறுப்பினர்கள் பலர் தள்ளிவிடப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. பன்னிரண்டு திருத்தங்கள் மாநிலங்களுக்குப் போயின. பத்து 1791 டிசம்பர் 15-இல் நிறைவேறின. மிச்சம் இரண்டில் ஒன்று, உறுப்பினர் சம்பளம் பற்றியது, 1992-இல்தான் நிறைவேறியது. இன்னொன்று இன்றுவரை நிறைவேறவில்லை.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். எதிர்த்தவர்கள் அதிகம் கவலைப்பட்டது வரி அதிகாரத்தைப் பற்றி. அதைக் கட்டுப்படுத்தும் திருத்தங்களை மேடிசன் தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பேச்சுரிமை, மதம், ஜூரி, வீட்டைச் சோதனையிடுவது பற்றிய உறுதிகள் வந்தன. அதிகாரப் பங்கீடு பெரும்பாலும் எழுதியபடியே நின்றது. "அப்புறம் திருத்தலாம்" என்ற வழியில், அதிகாரம் கையில் இருப்பவருக்கு வலிக்காத திருத்தமே முதலில் வரும்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. இந்த நான்கு வழியையும் விவாதித்த எந்த மாநாட்டிலும் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் உட்காரவில்லை. பெண்கள் இல்லை. அந்த மண்ணின் பழங்குடிகள் இல்லை. அடிமைகளை ஐந்தில் மூன்று என்று பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்த்ததும், 1808 வரை அடிமை வியாபாரத்தைத் தடுக்கக்கூடாது என்றதும் அதே தாளில் எழுதியவைதான். எங்கள் வரைவில் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே ஓட்டு என்று எழுதியிருக்கிறோம். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துச் செய்பவருக்கு இல்லை. விடியற்காலை மடை திருப்பப் போகும் பெண்களில் பலருக்கு இல்லை. இதை எதிர்த்து ஒருவரும் இதுவரை பேசவில்லை. பேச வேண்டியவர்களுக்குக் கூட்டத்தில் இடமே இல்லாததுதான் காரணம். இந்த ஒன்றை மட்டும் அப்புறம் என்று விடாமல் ஓட்டெடுப்புக்கு முன்பே திருத்த வேண்டும் என்று வரைவுக் குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நம் பக்கத்து அனுபவம்

"அப்புறம்" என்ற சொல்லுக்கு எல்லைத் தமிழர் வாழ்க்கையில் இரண்டு விதமான சாட்சி இருக்கிறது.

இந்திய அரசமைப்பை 1949 நவம்பர் 26-இல் அரசமைப்பு அவையே ஏற்றது. மாநில மாநாடுகள் கூடி ஏற்கும் ஏற்பாடு இங்கே இல்லை. அன்று எங்கள் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஏற்ற அன்று சிறுபான்மையோர் மொழியையும் பள்ளியையும் காக்கும் 29, 30 ஆகிய பிரிவுகள் இருந்தன. ஆனால் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய முயல வேண்டும் என்ற 350ஏ பிரிவு அதில் இல்லை. அது ஏழாவது திருத்தத்தில், 1956-இல் வந்தது. மொழிச் சிறுபான்மையோருக்கான சிறப்பு அலுவலரும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தார். நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போன அதே நாள். தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளம் ஆன அதே நாள். எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட எங்களுக்கு, திருத்தமாக வந்த அந்தப் பிரிவு பெரிய பிடிமானம். நான் தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பாடம் நடத்தியவன். ஏற்றுக்கொண்டு பிறகு திருத்துவது பலன் தரும் என்பதற்கு நானே சாட்சி.

இரண்டாவது சாட்சி எங்கள் தண்ணீர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. 1958 நவம்பரில் இருந்தே நடப்பில் இருப்பதாகக் கணக்கு. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் பாசனத்துக்குத் தர வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்றும் எழுதியிருக்கிறது. முதல் முப்பது 1988-இல் முடிந்தது. இரண்டாவது முப்பதும் முடிந்துவிட்டது. பேச்சு நடக்கிறது, புதிய ஒப்பந்தம் வரவில்லை. மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியவர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து நான் மாசச்சூசெட்ஸ் பக்கம் வந்திருக்கிறேன். ஏற்போம், திருத்தப் பட்டியலோடு ஏற்போம், அந்தப் பட்டியல் தீர்மானப் புத்தகத்தில் வரிக்கு வரி ஏறட்டும். எதிர்த்துக் கை தூக்கியவரின் காரணமும் ஏறட்டும். பென்சில்வேனியாக்காரர்கள் செய்த தப்பை நாங்கள் செய்ய வேண்டாம். முறைத் தண்ணீர் உறுதி பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். வலிக்காத திருத்தங்களை முன்னால் வைத்தால் அவற்றோடு வேலை முடிந்துவிடும்.

இதை எழுதி, கடைமடையில் எனக்கு மாமா முறை ஆகும் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். எழுபது வயது தாண்டியவர். மேடிசன் கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "அந்த முந்நூத்தி முப்பத்தாறு ஓட்டு அந்தப் பக்கம் போயிருந்தா, மாப்ள? வாக்குக் கொடுத்த ஆளு தோத்துட்டா வாக்கு யாருகிட்ட இருக்கும்?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. மன்றோவும் திருத்தம் கேட்டவர்தான், அவர் கொண்டுவந்திருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த அவையில் தள்ளிப்போடப் பார்த்த அத்தனை பேரையும் மீறி மன்றோவால் நிறைவேற்றியிருக்க முடியுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாமா கேட்டதில் இருந்த குறை என் பரிந்துரையிலும் இருந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் ஜெயித்து வந்து சொன்னதைச் செய்வார் என்று அதுவும் நம்பிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி வரைவின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி சேர்த்தேன். விலகும் உரிமை யாருக்கும் இல்லை, எல்லோரும் முழுமையாகத்தான் சேர்கிறோம். ஆனால் முதல் பாசனப் பருவம் முடிந்த அறுபது நாளுக்குள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு திருத்தமும் பொதுக்குழுவில் தனித்தனியே ஓட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் அறுபத்தோராம் நாள் காலையோடு நிர்வாகக் குழு ஒன்பது பேரின் பதவியும் முடிகிறது. யாரும் யாரையும் ராஜினாமா கேட்க வேண்டியதில்லை. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி எழுதிக் காலையில் மாமாவிடம் கொண்டுபோனேன். தமிழ்ப் பிரதியைக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். "அறுபது வேண்டாம், நாப்பத்தஞ்சுன்னு போடு. அறுபதுன்னா அடுத்த தண்ணி திறந்துருவாங்க" என்றார்.

நாற்பத்தைந்து என்று திருத்தி இருக்கிறேன்.